ஜி. டி. நாயுடு

ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 - சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளரும் தொழிலதிபரும் ஆவார். தொடக்கப் பள்ளிக்கு மேல் முறையான கல்வி பெறாத இவர் பேருந்துப் போக்குவரத்து, மின்மோட்டார், சவரக் கருவி, வானொலி, வேளாண்மை, தொழில்நுட்பக் கல்வி எனப் பல துறைகளில் ஈடுபட்டார். இவரைப் பற்றிய கட்டுரைகளில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்து செல்லப்படும் செய்தி, கேமராவின் மீது இவருக்கு இருந்த ஈடுபாடு ஆகும். திரைப்படக் கேமராக்களில் தூரத்தைச் சரிசெய்வதற்கான துணைக்கருவி ஒன்றை இவர் உருவாக்கினார். இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தாமே படம்பிடித்தார்.

இவரை இந்தியாவின் எடிசன் என்று குறிப்பிடுவது வழக்கம். இத்தகைய பட்டங்கள் தமிழகத்தில் தாராளமாக வழங்கப்படுபவை என்றாலும், இந்த ஒப்பீட்டில் ஓரளவு பொருத்தம் உண்டு. எடிசனும் பள்ளியில் அதிகம் படிக்காதவர். அவரது ஆய்வுக்கூடத்திலும் திரைப்படக் கேமரா ஒன்று உருவானது.

பிறப்பும் இளமையும்

நாயுடு கோயம்புத்தூர் மாவட்டம் சூலூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை கோபால்சாமி ஒரு விவசாயி. தாயார் இவர் பிறந்த சிறிது காலத்திலேயே காலமானார். பள்ளியில் இவருக்கு மனம் ஒட்டவில்லை. ஆசிரியர் மீது மண்ணை வீசிவிட்டு ஓடிய கதை கோவை வட்டாரத்தில் இன்றும் சொல்லப்படுகிறது. படிப்பு தொடக்க நிலையோடு நின்றது. பின்னர் தோட்டத்து வேலையில் இருந்தபடியே தமிழ் நூல்களைத் தாமாகப் படித்தார்.

கலங்கல் பகுதி மானாவாரியும் கிணற்றுப் பாசனமும் கலந்த நிலம். அக்காலத்தில் கவலை ஏற்றம் மூலம் எருதுகளைப் பூட்டி நீர் இறைத்தனர். ஓர் இளைஞன் பார்க்கக்கூடிய இயந்திரங்கள் என்று அங்கே கவலையின் உருளையும் வண்டியின் அச்சும் மட்டுமே இருந்தன. இந்தச் சூழலில்தான் மோட்டார் சைக்கிள் ஒன்று இவர் கண்ணில் பட்டது.

ரட்ஜ் மோட்டார் சைக்கிள்

ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ரட்ஜ் என்னும் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தபோது, எருதோ குதிரையோ இல்லாமல் தானாக ஓடும் வண்டியை நாயுடு முதன்முதலாகக் கண்டார். வண்டி வழியில் நின்றுவிட்டதாகவும், அதிகாரி மண்ணெண்ணெயும் துணியும் கேட்டு வாங்கி, பாகங்களைத் துடைத்துப் பூட்டி மறுபடியும் ஓட்டிச் சென்றதாகவும், அருகிலிருந்து இதைப் பார்த்த நாயுடு அதைப்போல் ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவு செய்ததாகவும் கூறப்படுகிறது. கதை எவ்வாறாயினும், அடுத்து நடந்தது வரலாறு. ஊரைவிட்டுக் கோயம்புத்தூருக்கு வந்து உணவு விடுதி ஒன்றில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்றாண்டுகள் பணம் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளை விலைக்கு வாங்கினார்.

வாங்கிய வண்டியை ஓட்டுவதைக் காட்டிலும் பிரித்துப் பார்ப்பதிலேயே இவருக்கு ஆர்வம் இருந்தது. ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, சுத்தம் செய்து, மீண்டும் பூட்டினார். இயந்திரவியலில் இவர் பெற்ற முதல் பயிற்சி இதுவே. வழிகாட்டும் நூல் இல்லாத நிலையில் ஒரு பொறியைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த முறை இருப்பதாகத் தெரியவில்லை. 1912-ஆம் ஆண்டைச் சேர்ந்த ரட்ஜ் வண்டி ஒற்றை உருளை எஞ்சின் கொண்டது. அக்கால எஞ்சின்களின் உருளைத் தலையில் கரி படிவதால் அவ்வப்போது கழற்றிச் சுரண்ட வேண்டும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் நுண்துளை சிறு தூசியாலும் அடைபடும். தீப்பொறி தரும் மேக்னெட்டோவின் தொடுமுனைகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் வண்டி கிளம்பாது. ஆகவே சுத்தம் செய்யக் கற்றவர், ஒவ்வொரு பாகமும் எதற்காக இருக்கிறது என்பதையும் கூடவே கற்றுக்கொள்கிறார். கழற்றிய வரிசையை நினைவில் வைத்துத் தலைகீழ் வரிசையில் பூட்ட வேண்டும் என்னும் ஒழுங்கும் அதனுடன் வருகிறது. நாயுடு வாழ்நாள் முழுவதும் செய்த பல வேலைகளில் இந்தப் பழக்கத்தைக் காணலாம்.

பருத்தி வணிகமும் பேருந்துகளும்

முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தி விலை ஏறியது. நாயுடு திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை நடத்திப் பொருள் ஈட்டினார். பின்னர் பம்பாய் சென்று பருத்திச் சந்தையில் ஈடுபட்டு, ஈட்டியதை இழந்து கோயம்புத்தூர் திரும்பினார்.

அக்காலத்தில் கோவையின் முன்னணித் தொழிலதிபராக விளங்கியவர் சர் இராபர்ட் ஸ்டேன்ஸ். நாயுடுவின் இயந்திர ஆர்வத்தை அறிந்த அவர் 1920-ஆம் ஆண்டு 4,000 ரூபாய் கடன் தந்து, 8,000 ரூபாய் மதிப்புள்ள பேருந்து ஒன்றை வாங்க உதவினார். அந்தப் பேருந்தை நாயுடு தாமே பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். யு. எம். எஸ். என்று அறியப்பட்ட இவரது நிறுவனம் விரைவாக வளர்ந்தது. 1933-இல் இவரிடம் 280 பேருந்துகள் இருந்ததாகக் குறிப்பிடப்படுகிறது. வண்டிகளைப் பராமரிக்கத் தமக்கெனப் பட்டறைகள் வைத்திருந்தார். எஞ்சின் அதிர்வைச் சோதிக்கும் கருவி, பயணச்சீட்டு வழங்கும் இயந்திரம் போன்றவை இந்தத் தொழிலின் தேவையிலிருந்து பிறந்தவை. கண்ணுக்குத் தெரியாத கோளாறை முன்கூட்டியே அறிவது, மனிதத் தவறு நுழையும் இடத்தில் ஒரு சிறு பொறியை வைப்பது ஆகிய இரண்டும் இவற்றின் நோக்கங்கள். பின்னாளில் கேமராவுக்காக இவர் செய்த கருவியும் இரண்டாம் வகையைச் சேர்ந்ததே.

கோவையும் திரைப்படமும்

நாயுடுவின் கேமரா ஆர்வம் வெற்றிடத்தில் தோன்றியதன்று. தென்னிந்தியத் திரைப்பட வரலாற்றில் கோயம்புத்தூருக்குத் தனி இடம் உண்டு. இரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியை 1905-இல் வாங்கி ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டினார். பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான திரையரங்கை அமைத்தார். 1930-களின் நடுப்பகுதியில் சென்ட்ரல் ஸ்டூடியோவும், 1945-இல் பட்சிராஜா ஸ்டூடியோவும் இந்நகரில் தோன்றின.

1932-இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டம் கோவைக்கு மலிவான மின்சாரத்தைக் கொண்டுவந்தது. ஆலைகள் பெருகின. படப்பிடிப்புத் தளத்தின் விளக்குகளுக்கும் திரையரங்கிற்கும் மின்சாரமும், கருவிகளைப் பழுது பார்க்கக்கூடிய பட்டறை ஆட்களும் ஒரே ஊரில் கிடைத்தனர். நாயுடு படமெடுக்கத் தொடங்கியது இத்தகைய ஊரிலிருந்துதான்.

நாயுடுவின் படங்கள்

நாயுடு பலமுறை வெளிநாடுகளுக்குப் பயணம் செய்தார். பயணங்களில் கேமராவை உடன் எடுத்துச் சென்றார். 1936-ஆம் ஆண்டு இலண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம்பிடித்தார். சில குறிப்புகளில் இந்நிகழ்வு 1935 எனக் காணப்படுகிறது. மன்னர் இறந்தது 1936 சனவரி 20 அன்றும், அடக்கம் நடந்தது சனவரி 28 அன்றும் ஆகும். எனவே 1936 என்பதே சரி. செருமனியில் இட்லரையும் சந்தித்தார். இந்தியாவில் காந்தி, நேரு, சுபாசு சந்திர போசு முதலிய தலைவர்களைப் படமெடுத்தார்.

இறுதி ஊர்வலத்தைப் படம்பிடிப்பது எளிய வேலை அன்று. சனவரி மாத இலண்டனில் வெளிச்சம் குறைவு. கேமராவின் ஒளித்துளையை அகலமாகத் திறந்தே வைக்க வேண்டும். ஊர்வலமோ நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். ஒரு காட்சியை மறுபடியும் எடுக்க இயலாது. தூரத்தைக் கணிப்பதில் பிழை ஏற்பட்டால் படம் மங்கலாகும். அது ஊர் திரும்பிச் சுருளைத் திரையிடும்போதுதான் தெரியவரும்.

தூரம் சரிசெய்யும் கருவி

நாயுடுவின் கண்டுபிடிப்புகளின் பட்டியலில் திரைப்படக் கேமராவுக்கான தூரம் சரிசெய்யும் கருவியும் இடம்பெறுகிறது. டிஸ்டன்ஸ் அட்ஜஸ்டர் என்ற ஆங்கிலப் பெயரிலேயே இது அறியப்பட்டது. இத்தகைய கருவியின் தேவையை விளங்கிக்கொள்ள அக்காலக் கேமராவைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

1923-இல் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 16 மி.மீ. படச்சுருளை அறிமுகப்படுத்தியது. அதன் பிறகே தனிநபர்கள் கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறிய திரைப்படக் கேமராக்கள் பரவின. கோடாக்கின் சினி-கோடாக், பெல் அண்டு ஹவல் நிறுவனத்தின் பில்மோ ஆகியவை இவ்வகையின் முன்னோடிகள். பெரும்பாலானவை சாவி கொடுத்தால் சுருள்வில்லின் விசையில் ஓடுபவை. மின்கலம் தேவையில்லை. 100 அடிச் சுருளில் 4,000 படச்சட்டங்கள் அடங்கும். நொடிக்கு 16 சட்டம் என்ற பேசாப்பட வேகத்தில் அது நான்கு நிமிடத்திற்குச் சற்று மேல் ஓடும்.

இவற்றுள் பலவற்றில் லென்ஸ் வழியாகப் பார்த்துக் கூர்மையைச் சரிபார்க்கும் வசதி கிடையாது. பார்வைச் சட்டம் தனியாக இருக்கும். காட்சியின் எல்லையை அது காட்டும், கூர்மையைக் காட்டாது. படமெடுப்பவர் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டோ நாடாவால் அளந்தோ, லென்ஸ் வளையத்தில் பொறித்துள்ள அடிக்கணக்கில் திருப்பி வைக்க வேண்டும். 25 மி.மீ. லென்சை எஃப் 1.9 என்ற அகன்ற திறப்பில் வைத்து 6 அடிக்குத் திருப்பினால், ஏறக்குறைய 5¼ அடி முதல் 7 அடி வரை உள்ளவை மட்டுமே கூர்மையாக விழும். அதே லென்சை நல்ல வெயிலில் எஃப் 8-க்குச் சுருக்கினால் சுமார் 4 அடி முதல் 14 அடி வரை கூர்மை கிடைக்கும். கோவையின் சித்திரை வெயிலில் கண்மதிப்பு போதும். இலண்டனின் சனவரியில் அது போதாது. பெரிய ஸ்டூடியோக்களில் நாடாவுடன் ஓர் உதவியாளர் நிற்பார். தனியாளாகச் சுற்றிய நாயுடு போன்றவர்களுக்கு அந்த வசதி இல்லை. தூரத்தைச் சரியாக அமைக்க ஒரு பொறி துணை செய்யுமானால் தவறு நேரும் இடம் ஒன்று குறைகிறது.

அக்காலக் கேமராவின் நுண்பாகங்கள்

துணைக்கருவி எவ்வளவு துல்லியமாக இருப்பினும், கேமராவின் உள்ளே தூய்மை இல்லையேல் பயனில்லை. 16 மி.மீ. படச்சட்டத்தின் அகலம் சுமார் 10 மி.மீ. மட்டுமே. இதை 3 மீட்டர் அகலத் திரையில் காட்டும்போது 300 மடங்கு பெரிதாகிறது. 0.05 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய தலைமுடி ஒன்று படச்சட்டத்தின் விளிம்பில் ஒட்டியிருந்தால், திரையில் அது ஒன்றரை சென்டிமீட்டர் தடித்த கயிறாகத் தெரியும். சுருள் முழுவதும் அது அங்கேயே ஆடிக்கொண்டிருக்கும். பஞ்சாலைகள் நிறைந்த கோவையில் காற்றில் மிதக்கும் பஞ்சுத் தும்பு கேமராவுக்கு இயல்பான எதிரி.

இன்று இத்தகைய கேமராக்கள் அருங்காட்சியகங்களிலும் பழைய வீடுகளின் பரண்களிலும் காணக் கிடைக்கின்றன. அவற்றின் பராமரிப்பு முறை நாயுடுவின் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை.

முதலில் கவனிக்க வேண்டியது படச்சுருள் லென்சுக்குப் பின்னால் தட்டையாக நிற்கும் இடம். இதைத் தொழிலில் கேட் என்பர். சுருளை முன்னே அழுத்திப் பிடிக்கும் தகடும், துளையில் மாட்டிச் சட்டம் சட்டமாக இழுக்கும் கொக்கியும் இங்கே உள்ளன. சுருளின் மீதுள்ள ஜெலட்டின் பூச்சு உராய்ந்து துகளாகி இந்தத் தகட்டில் படிந்து, நாளடைவில் கல்போல் இறுகும். அந்தப் படிவு அடுத்து வரும் சுருள் முழுவதையும் கீறிவிடும். பழைய படங்களில் மழை பெய்வதுபோல் செங்குத்துக் கோடுகள் விழுவதற்கு இத்தகைய கீறல்கள் முக்கியக் காரணம். இப்படிவைக் கத்தியாலோ திருப்புளியாலோ சுரண்டக் கூடாது. மூங்கில் அல்லது மென்மரக் குச்சியைச் சீவி, சிறிது ஈரமாக்கி இளக வைத்து எடுக்க வேண்டும். உலோகத் தகட்டில் ஒரு கீறல் விழுந்துவிட்டால், பின் அதுவே எல்லாச் சுருளையும் கீறும். கொக்கியின் முனையைத் தூரிகையால் துடைத்தால் போதும். அதை வளைக்க நேர்ந்தால் படம் திரையில் ஆடும்.

லென்சைப் பொறுத்தவரை, தொடாமல் இருப்பதே முதல் விதி. முதலில் இரப்பர்க் குமிழால் காற்று ஊதி மணல் துகளை அகற்ற வேண்டும். அடுத்து ஒட்டக முடித் தூரிகை. அதன் பிறகும் கைரேகையோ எண்ணெயோ இருந்தால் மட்டுமே லென்சுக்குரிய மென்தாளில் ஒரு சொட்டுத் துப்புரவுத் திரவம் இட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக வட்டமிட்டுத் துடைக்கலாம். திரவத்தை நேரடியாகக் கண்ணாடி மீது விடக் கூடாது. ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும். வேட்டி நுனியால் கண்ணாடி துடைக்கும் நம் வழக்கம் இங்கு ஆகாது. துணியில் உள்ள மண் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது.

தூர வளையம் சுழலும் திருகுமரையில் இடப்பட்ட மசகு பல ஆண்டுகளில் இறுகி, வளையம் அசைய மறுக்கும். அதை வலிந்து திருப்பினால் மரை கெடும். கழற்ற வேண்டியிருப்பின், இரு பாகங்களும் பிரியும் இடத்தை ஊசியால் சிறு கோடிட்டுக் குறித்துக்கொள்வது கட்டாயம். இத்தகைய மரைகளுக்குப் பல தொடக்க இடங்கள் உண்டு. தவறான தொடக்கத்தில் பூட்டினால் வளையம் நன்றாகவே சுழலும், ஆனால் அதிலுள்ள அடிக்கணக்கு பொய்யாகிவிடும். 6 அடி என்று காட்டும், 8 அடியில் கூர்மை விழும். தூரத்தைச் சரிசெய்யும் கருவி எதைப் பொருத்தினாலும் அந்தப் பொய்யைத் திருத்த முடியாது.

ஒளித்துளையைச் சுருக்கி விரிக்கும் மெல்லிய இதழ்கள் எண்ணெய் இல்லாமல் உலர்ந்தே இருக்க வேண்டும். பலர் இங்கே எண்ணெய் விட்டுக் கெடுப்பர். ஷட்டருக்கும் இதுவே பொருந்தும். சுழலும் அச்சுகளுக்கு மட்டும் ஊசிமுனை அளவில் மெல்லிய எண்ணெய் போதும். சாவிச் சுருள்வில் அடங்கிய உருளையைப் பயிற்சி இல்லாதவர் திறக்கவே கூடாது. அதில் சேர்ந்துள்ள விசை விரலைச் சிதைக்கக்கூடியது. கேமராவை எடுத்து வைக்கும் முன் வில்லை முழுவதும் ஓடவிட்டுத் தளர்த்தி வைப்பது நல்லது.

பூஞ்சை மற்றொரு சிக்கல். கோவை கடற்கரை நகரங்களைவிட வறண்ட ஊர்தான். எனினும் தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரக்காற்று வருகிறது. தோலுறையில் மூடி வைத்த லென்சில் பூஞ்சை நூல்போல் படரும். அது சுரக்கும் அமிலம் கண்ணாடியை அரித்துவிட்டால் எந்தத் துப்புரவும் பயன் தராது. உறையை நீக்கி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா உப்புடன் மூடிய பெட்டியில் வைப்பதே வழி.

பிற கண்டுபிடிப்புகள்

உலர் மின்கலத்தால் இயங்கும் சிறு மோட்டார் கொண்ட ரேசண்ட் என்ற சவரக் கருவி நாயுடுவின் பெயரை வெளிநாடுகளில் பரப்பியது. இது செருமனியின் ஹைல்ப்ரான் நகரில் தயாரிக்கப்பட்டது. மிக மெல்லிய சவர அலகுகள், பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயால் இயங்கும் மின்விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரம் ஆகியவையும் இவரது படைப்புகள்.

1937-இல் பீளமேட்டில் நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸ் நிறுவனத்தில் இந்தியாவின் முதல் மின்மோட்டார் உற்பத்தி செய்யப்பட்டது. இதில் நாயுடுவுடன் டி. பாலசுந்தரம் முதன்மைப் பங்காற்றினார். இவரே பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவியவர். கோவை இன்று பம்பு, மோட்டார்த் தொழிலின் மையமாக விளங்குவதன் தொடக்கங்களுள் இதுவும் ஒன்று. கவலை ஏற்றத்தைப் பார்த்து வளர்ந்த ஒருவரின் தொழிற்கூடத்திலிருந்து, கவலையை வழக்கொழித்த மோட்டார் வெளிவந்தது.

வேளாண்மையிலும் சோதனைகள் செய்தார். இவர் வளர்த்த பத்தடி உயரப் பருத்திச் செடிகள் பெயர் பெற்றவை. சர் சி. வி. இராமனும் விசுவேசுவரய்யாவும் இவரது பண்ணையைப் பார்வையிட்டுள்ளனர்.

கல்விப் பணி

1944-இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, அறப்பணிகளில் கவனம் செலுத்தினார். இவரது நன்கொடையால் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், 1945-இல் ஆர்தர் ஹோப் பொறியியல் கல்லூரியும் தோன்றின. அப்போதைய சென்னை மாகாண ஆளுநரின் பெயர் இவற்றுக்கு இடப்பட்டது. நாயுடுவே முதல்வராகவும் பணியாற்றினார். கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு மாறி, அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஆயிற்று. ஆனால் அவினாசி சாலையில் அது முதலில் இருந்த இடத்தின் பேருந்து நிறுத்தம் ஹோப் காலேஜ் என்றே இன்றும் அழைக்கப்படுகிறது. அங்கே இறங்குவோரில் எத்தனை பேருக்கு அந்த ஹோப் யார் என்று தெரியுமோ!

பொறியியல் கற்க நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டே போதும் என்பது நாயுடுவின் கருத்து. அரசு இதை ஏற்காததால் முதல்வர் பொறுப்பிலிருந்து விலகினார். நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் பெற்றவர்களுக்கு இக்கருத்து உறுத்தலாம். எனினும் ரட்ஜ் வண்டியைப் பிரித்துக் கற்ற ஒருவர் வேறு எப்படியும் நினைத்திருக்க முடியாது. கருவியைக் கையில் எடுக்காமல் கழியும் பாடவேளையை அவர் வீண் என்றே கருதினார்.

உரிமமும் வரியும்

1941-இல் ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்கு உற்பத்தி செய்ய முடியும் என அறிவித்தார். 1952-இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். அதை உற்பத்தி செய்ய அரசு உரிமம் வழங்கவில்லை. திட்டம் கைவிடப்பட்டது.

1950-களின் முற்பகுதியில், வரி விதிப்பையும் அரசின் ஆதரவின்மையையும் எதிர்த்து, தம் தயாரிப்புகளைப் பொதுமக்கள் முன்னிலையில் உடைத்து அழிக்கும் போராட்டத்தை நாயுடு நடத்தினார். பெரியார் ஈ. வெ. இராமசாமி அதில் கலந்துகொண்டு பேசியதாகவும், ஆக்கிய பொருளை அழிப்பதை அவர் ஏற்கவில்லை என்றும் கூறப்படுகிறது. இந்தப் போராட்டம் பற்றி இருவிதக் கருத்துகள் உண்டு. விளம்பரம் என்றனர் சிலர். ஒவ்வொரு திருகையும் தேய்த்துத் துடைத்துப் பூட்டிப் பழகிய கை, அதே பொருளைச் சம்மட்டியால் அடித்தது என்பதை நினைத்தால் அதை வெறும் விளம்பரம் என்று தள்ளிவிட முடியவில்லை. அக்கால உரிம முறையில் பட்டறையில் ஒரு பொருளைச் செய்து காட்டுவது ஒன்று, அதை ஆயிரக்கணக்கில் செய்ய அனுமதி பெறுவது வேறொன்று. முதலாவதில் நாயுடு தோற்றதாகத் தெரியவில்லை. தோற்றது இரண்டாவதில்தான். கேமராவுக்கான தூரக் கருவியும் பெருந்தொழிலாக வளரவில்லை. பின்னாளில் லென்ஸ் வழியாகவே பார்த்துக் கூர்மை அமைக்கும் கேமராக்கள் பரவியதும் அத்தகைய கருவிகளின் தேவையே குறைந்தது.

மறைவும் நினைவும்

நாயுடு 1974 சனவரி 4 அன்று காலமானார். இவரது மகன் ஜி. டி. கோபால் நிறுவனங்களையும் அறப்பணிகளையும் தொடர்ந்தார். எழுத்தாளர் சிவசங்கரி இவரது வாழ்க்கை வரலாற்றை அப்பா என்னும் தலைப்பில் எழுதியுள்ளார். இவரைப் பற்றி பிலிம்ஸ் டிவிஷன் தயாரித்த ஆவணப்படம் 2018-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் தொழில்நுட்பப் படமாகத் தேர்வு பெற்றது.

கோவை அவினாசி சாலையில் உள்ள பிரசிடெண்ட் ஹால் வளாகத்தில் ஜி. டி. நாயுடு அருங்காட்சியகமும் தொழில் கண்காட்சியும் அமைந்துள்ளன. இவர் உருவாக்கிய கருவிகளையும் பயன்படுத்திய பொருட்களையும் அங்கே காணலாம். ஜீடி கார் அருங்காட்சியகம் 2015-இல் திறக்கப்பட்டது. 2025 அக்டோபரில் அவினாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. நீள மேம்பாலத்திற்குத் தமிழக அரசு ஜி. டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியது. அவர் உணவு விடுதியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.